ஆறிய எஞ்சின்: பழைய கூபே கார்கள் பினாங்குக்கு வந்த கதை

1

2019ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பா மகன் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணே, நீங்க எஞ்சினியர்தானே, வந்து ஒரு கார பாருங்க" என்றான். சிங்கப்பூரில் ஏழு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. புதிதாக வந்தபோது ஐந்து லட்சம் வெள்ளியைத் தொட்ட ஒரு ஜெர்மன் கூபே, இப்போது எண்பதாயிரத்துக்குக் கிடைக்கிறது. இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், வெள்ளி நிறம். போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான்.

நான் எஞ்சினியர்தான். ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் உடைந்துபோன மின்னணுச் சில்லுகளைப் பார்ப்பவன். கார் எஞ்சினுக்கும் எனக்கும் பல்கலைக்கழக லேப்போடு தொடர்பு முடிந்துவிட்டது. ஆகவே பட்டர்வொர்த்தில் இருக்கும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பெரியப்பா போமன். இங்கே மெக்கானிக்கை மலாயில் அப்படித்தான் சொல்வோம். 'ஃபோர்மேன்' என்ற ஆங்கிலச் சொல் வாய் மாறி வந்தது. நாற்பது வருஷம் அடுத்தவர்களின் கார்களுக்கு அடியில் படுத்திருந்தவர்.

பெரியப்பா காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் போய் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விற்பவரைப் பார்த்து, "காலையிலேயே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ளப் போய்த்தான் இந்தக் கார்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

2

'கூபே' என்றால் பிரெஞ்சு மொழியில் 'வெட்டப்பட்டது'. பதினெட்டாம் நூற்றாண்டுக் குதிரை வண்டியில் எதிரெதிராக இரண்டு இருக்கை வரிசைகள் இருக்கும். முன்வரிசையை வெட்டிவிட்டு இரண்டு பேர் மட்டும் உட்காரும்படி செய்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

மலாயாவில் குதிரை வண்டிக் காலத்தில் 'சைஸ்' என்று ஒரு வேலை இருந்தது. குதிரைக்காரன். அரபியிலிருந்து இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் வாய்க்கு வந்த சொல் இது. மோட்டார் கார் வந்ததும் சொல் மாறவில்லை, கார் ஓட்டுபவரும் சைஸ் ஆனார். ஈயத்திலும் ரப்பரிலும் பணம் பார்த்தவர்கள் நோர்தாம் சாலையில், அதாவது இன்றைய ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில், கடலைப் பார்த்து மாளிகைகள் கட்டினார்கள். அந்தச் சாலைக்கே 'கோடீஸ்வரர் வரிசை' என்று பெயர். அந்த மாதிரி வீடுகளின் கார்களுக்குள் நம் ஆட்கள் போனது பெரும்பாலும் சைஸாகத்தான்.

கூபே வித்தியாசமான கார். முதலாளி தானே ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பின்னிருக்கை பெயருக்குத்தான். டிரைவர் வைத்துக்கொண்டு போகிற கார் இல்லை அது. அந்தக் காருக்குள் சைஸுக்கு இடமே கிடையாது. காருக்கு அடியில் போமனுக்கு மட்டும் இடம் உண்டு. என் தம்பி அந்த வெள்ளிநிறக் காரை ஏன் அப்படிப் பார்த்தான் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

3

இந்தக் கார்கள் எப்படி இங்கே இவ்வளவு வந்து சேர்ந்தன? பதில் புரோட்டோனில் தொடங்குகிறது.

1985. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் திறப்பு விழா. பிரதமர் மகாதீர் பாலத்தைக் கடந்து வந்தது ஒரு சிவப்பு புரோட்டோன் சாகாவில். சாகா அந்த வருஷம் ஜூலையில்தான் வெளிவந்திருந்தது. அதுவரை தீவுக்குக் கார் வர வேண்டுமானால் பெரியில் வரிசையில் நிற்க வேண்டும். பாலமும் தேசியக் காரும் ஒரே வருஷத்தில் வந்தன. அந்தத் தேசியக் காரைக் காப்பாற்ற வெளிநாட்டுக் கார்களுக்குப் பெரிய சுவர் எழுப்பப்பட்டது. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, முழுமையாகக் கட்டி இறக்குமதி செய்யும் கார்களுக்கு எஞ்சின் அளவைப் பொறுத்து வரி 140இலிருந்து 300 சதவீதம் வரை போனது. ஒரு காருக்கு மூன்று காரின் விலையை வரியாகக் கட்டுவது என்று அர்த்தம்.

சுவரில் ஒரு சின்ன வாசல் இருந்தது. 'ஏபி' எனப்படும் இறக்குமதி உரிமம். அது இருந்தால், ஒரு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை ஓடிய காரைக் கொண்டுவரலாம். நாம் 'ரீகோன்' என்று சொல்வது இதைத்தான். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், வலது பக்க ஸ்டியரிங் வேண்டும். அப்படியானால் ஜப்பான் அல்லது பிரிட்டன். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் வருஷமும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் 'ஷாக்கேன்' என்ற கடுமையான சோதனை உண்டு. செலவு அதிகம். பலர் அதற்கு முன்பே விற்றுவிடுவார்கள். அங்கே வேண்டாம் என்று விட்ட கார் இங்கே கனவாக வந்து இறங்கியது.

முழுக் காராக வர முடியாதது பாதியாக வந்தது. காரை நடுவில் அறுத்து, எஞ்சினோடு முன்பாதியை மட்டும் உதிரிப்பாகம் என்று இறக்குமதி செய்வது. ஹாஃப் கட். மலாயில் 'போத்தோங்', வெட்டியது. பிரெஞ்சுக்காரன் வெட்டிய வண்டியை மறுபடி வெட்டி நம்மிடம் அனுப்பினார்கள். 2009 அக்டோபரில் வாகனக் கொள்கையைத் திருத்தியபோது, 2011 ஜூன் முதல் பழைய உதிரிப்பாக இறக்குமதிக்குத் தடை என்று அரசு அறிவித்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு வருஷாந்தரச் சோதனை கட்டாயம் என்றும் சொன்னது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. அரசு பின்வாங்கியது. தடை வந்திருந்தால் பெரியப்பா மாதிரி ஆட்களின் பட்டறைகளில் பாதி அன்றே மூடியிருக்கும்.

பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். சிங்கப்பூரில் 1990லிருந்து காருக்குப் பத்து வருஷ ஆயுள் சீட்டு. அது முடிந்தால் மறுபடி பணம் கட்டு, இல்லாவிட்டால் காரை விடு. இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு காரின் முதல் முதலாளி, இரண்டாம் முதலாளி, ஐந்தாம் முதலாளி எல்லாரும் அதே சாலையில் ஓட்டலாம். ஐந்தாவதாகத்தான் நம் வரிசை வருகிறது.

4

என் வேலையில் 'குளியல்தொட்டி வளைவு' என்று ஒன்றைப் பார்ப்போம். ஒரு பொருள் பிறந்தவுடன் கொஞ்சம் அதிகமாகக் கெடும். பிறகு நீண்ட காலம் சும்மா இருக்கும். கடைசியில் தேய்ந்து மறுபடி அதிகமாகக் கெடும். வரைந்தால் தொட்டி மாதிரி இருக்கும். வாரண்டி தொட்டியின் தரையில் முடியும். ஐந்தாம் முதலாளி வாங்குவது தொட்டியின் அடுத்த சுவர் ஏறும் இடத்தில்.

ஆனால் எல்லாப் பழுதும் தேய்மானம் இல்லை. இந்தக் கார்களின் புகழ்பெற்ற பழுதுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஒரு காலத்தில் யாரோ நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பொறியாளர்களுக்குச் சுற்றுச்சூழல் கவலை வந்தது. எஞ்சின் ஒயர்களுக்கு மண்ணில் மக்கும் உறை போட்டார்கள். எஸ் கிளாஸும் அதன் கூபேயும் இதில் அடக்கம். உறை குப்பைமேட்டுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை, பானட்டுக்கு அடியில் சூட்டிலேயே உதிர ஆரம்பித்தது. செம்பு வெளியே தெரிந்தால் ஒயரோடு ஒயர் உரசி, காருக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். அந்தக் காலத்து மெர்சிடிஸ் பார்க்கப் போனால் ஒரு ஒயரைத் தேடிப் பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும்.

அதே தொண்ணூறுகளில் எடையைக் குறைக்க பிஎம்டபிள்யூவும் ஜாகுவாரும் தங்கள் வி8 எஞ்சின்களின் அலுமினியச் சிலிண்டர்களுக்கு 'நிகாசில்' என்ற நிக்கல் பூச்சு போட்டன. பிஎம்டபிள்யூ 840 கூபேயிலும், 1996இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே8இலும் அது இருந்தது. பெட்ரோலில் கந்தகம் அதிகமாக இருந்தால் எரியும்போது அமிலம் உண்டாகி அந்தப் பூச்சை அரிக்கும். கொஞ்ச தூரமே ஓட்டி நிறுத்தும் காரில் இன்னும் மோசம். பிஎம்டபிள்யூ வேறு உலோகக் கலவைக்கு மாறியது; ஜாகுவார் 2000இல் இரும்பு உறைக்குத் திரும்பியது. நம் நாட்டில் கந்தகத்தை பத்து லட்சத்தில் 500 பங்குக்குக் கட்டுப்படுத்திய ஈரோ 2எம் தரம் வந்ததே 2009இல்தான். ரோன் 95 பெட்ரோலில் அது 50 பங்காகக் குறைந்தது 2020இல். ஆகவே பழைய எக்ஸ்கே8 முன்னால் நின்றால் நிறத்தைப் பார்க்காமல் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேட்க வேண்டும். அந்த எஞ்சினின் டைமிங் செயின் டென்ஷனர் பிளாஸ்டிக்கில் செய்தது. அது உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

போர்ஷே கதை வேறு. 1992-93இல் அந்த நிறுவனம் திவாலின் விளிம்பில் இருந்தது. தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெக்கிங், டொயோட்டாவின் முறை தெரிந்த ஜப்பானிய ஆலோசகர்களை அழைத்தார். 1996 பாக்ஸ்டரும் 1997இல் வந்த 996 வகை 911உம் முன்பாதியைப் பகிர்ந்துகொண்டன. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே முகம். 911இன் எஞ்சின் முதன்முறையாகத் தண்ணீரால் குளிரூட்டப்பட்டது. அந்த எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்டுகளுக்கு விசையைக் கடத்தும் ஒரு இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையை மூடிய பால் பேரிங் தாங்குகிறது. உள்ளே இருக்கும் கிரீஸைக் காலப்போக்கில் எஞ்சின் ஆயில் கரைத்துவிட்டால் பேரிங் நொறுங்கும், அதோடு எஞ்சினும் போகும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013இல் சமரசம் ஆனது. வேகமாக ஓட்டிய கார்களைவிட ஷெட்டில் பொத்திப் பொத்தி வைத்த கார்களில்தான் இது அதிகம் என்பது மெக்கானிக்குகளின் அனுபவம். 'கம்மியா ஓடின கார்' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் பயப்பட வேண்டிய கார் அது. அதே காலத்து டர்போவிலும் ஜிடி3இலும் இந்தப் பேரிங் கிடையாது. அவற்றின் எஞ்சின் பந்தயக் காரிலிருந்து வந்தது.

2000இல் வந்த இ46 வகை எம்3, என் தலைமுறையின் சுவரொட்டிக் கார். 3,246 சிசி, 343 குதிரைத்திறன், டர்போ கிடையாது. நிமிஷத்துக்கு 8,000 சுற்று. பிஸ்டன் ஒரு பக்கத்துக்கு 91 மில்லிமீட்டர் நகர்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், உச்ச சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீட்டருக்கு மேல். அந்த விசையைத் தாங்குவது கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் மெல்லிய பேரிங் தகடு. முதல் சில வருஷத்துக் கார்களை நிறுவனமே திரும்ப அழைத்து அதை மாற்றிக்கொடுத்தது. 10W-60 என்ற கெட்டியான ஆயில்தான் ஊற்ற வேண்டும். காசை மிச்சம் பிடித்து வேறு ஆயில் ஊற்றிய ஓனர் ஒருவர் நடுவில் இருந்தாலே போதும். இன்னொன்று, பின்பக்க ஆக்சிலைத் தாங்கும் அடித்தகட்டில் வெடிப்பு விடும். பூட்டின் கம்பளத்தைத் தூக்கி வெல்டுகளைப் பார்க்க வேண்டும், காரை மேலே ஏற்றி அடியில் டார்ச் அடிக்க வேண்டும்.

1999இல் வந்த மெர்சிடிஸ் சிஎல் கூபே வளைவில் அவ்வளவாகச் சாயாது. சுமார் 200 பார் அழுத்தத்தில் எண்ணெயை அனுப்பி ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தும். ரப்பர் குழாய் முதுமையடைந்து ஓரிடத்தில் கசிந்தால் காலையில் கார் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். சிஎல்கே 63 கூபேயின் 6.2 லிட்டர் எஞ்சினில் ஹெட் போல்டுகள் உடைந்து, குளிரூட்டும் தண்ணீர் சிலிண்டருக்குள் போன கதைகள் உண்டு.

இவை எதுவும் மோசமான கார்கள் இல்லை. முதல் முதலாளியிடம் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடியிருக்கும். கடனைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் வருகிறவன் தலையில் கட்டும் குடும்பக் கதை மாதிரிதான் இதுவும்.

5

தீவுக்கென்று சில கூடுதல் பழுதுகள் உண்டு. ஜோர்ஜ் டவுனில் வேலைக்கும் வீட்டுக்கும் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். எஞ்சின் ஆயில் முழுச் சூட்டை அடையும் முன்பே கார் நின்றுவிடும். தண்ணீரும் அமிலமும் ஆயிலிலேயே தங்கும். கிரீன் லேன் நெரிசலில் முப்பத்து மூன்று டிகிரி வெயிலில் ஊர்ந்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் வாட்டர் பம்பும் ஐரோப்பாவில் வாழும் அளவுக்கு வாழாது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் சன்ரூஃப் வடிகாலை அடைத்தால் மழைத் தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டிக்குப் போகும். டயரில் பள்ளம் நன்றாகத் தெரியலாம், ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படிக்க வேண்டும். 1112 என்றால் 2012ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் செய்தது.

பிறகு பணம். தம்பிக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். காரின் விலை ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கலாம், அதன் உதிரிப்பாகத்தின் விலை குறையவில்லை. அது இன்னும் ஐந்து லட்சம் வெள்ளிக் காரின் சாமான்தான். சாலை வரியும் அப்படியே. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 3,000 சிசி என்றால் 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி. எம்3க்கு 3,237 வெள்ளி. அந்த சிஎல்கே 63க்கு 16,566 வெள்ளி, வருஷா வருஷம். காருக்கு எத்தனை வயதானாலும் வரிக்கு வயதாகாது.

பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் சோதனை இருக்கிறதே என்பான் தம்பி. 1994லிருந்து இருக்கிறதுதான். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்பது அதன் முதல் கவலை. பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. அந்த வேலை போமனுடையது.

6

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எஞ்சின் ஆறியிருந்தால்தான் உண்மை பேசும். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். காலையில் சாவியைத் திருப்பிய முதல் சில விநாடிகளில்தான் செயின் சத்தம் கேட்கும், நீலப்புகை தெரியும், தேய்ந்த பேரிங் தட்டும். ஒருமுறை சூடாகிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். நாங்கள் வருவதற்குள் யாரோ அதைச் சூடாக்கி வைத்திருந்தார்கள்.

"ஏசி செக் பண்ணேன் அங்கிள்" என்றார் விற்பவர். "ஒரே ஓனர். டாக்டர்."

"நல்லது" என்றார் பெரியப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். மாட்டிக்கொள்ளத்தான் இழுக்கிறார் என்று நினைத்தேன். இழுத்துக்கொண்டே போனார், கடைசிவரை, இனி வராது என்னும் வரை. பெல்ட்டின் அடிப்பகுதியில், யாரும் எப்போதும் வெளியே இழுக்காத அந்த ஒரு முழத்தில், வெளிர் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இருந்தது. சேறு காய்ந்த கோடு.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் இருந்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். விடிய விடியப் பெய்த மழை. தீவிலும் பெருநிலத்திலும் வீடுகள் மூழ்கின, கார்கள் கூரைவரை தண்ணீரில் நின்றன. எங்கள் வீட்டிலும் அந்தக் கோடு இடுப்புயரத்தில் இருந்தது. சுவருக்குச் சாயம் அடித்துவிட்டோம். இருக்கையை மாற்றலாம், கம்பளத்தை மாற்றலாம், எஞ்சின்கூட மாற்றலாம். பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் நினைப்பதில்லை.

பெரியப்பா பெல்ட்டை மெதுவாக உள்ளே விட்டார். இறங்கி வந்து தம்பியின் தோளில் கை வைத்து, "வாடா, சாப்பிடப் போவோம்" என்றார். விற்பவரிடம் சண்டை போடவில்லை. "பாத்துட்டுச் சொல்றோம் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ரொட்டி சானாய்க் கடையில் என் தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம ஆளுங்க கழுவி, ரிப்பேர் பண்ணி, ஓட்டிக் குடுத்த காரு பெரியப்பா. ஒரு தடவ நாமளும் வச்சிருந்தா என்ன?" என்றான். அவன் குரலில் கோபம் இருந்தது, யார் மேல் என்று அவனுக்கே தெரியாத கோபம்.

பெரியப்பா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சொன்னார். "வச்சிக்கோ. யாரு வேணாம்னா? வாங்குற காச ரெண்டா பிரி. பாதிக்குக் காரு வாங்கு. மீதிய தொடாத, அது காரோட காசு. அதுக்கு மனசு வரலன்னா போஸ்டர் வாங்கி ஒட்டு."

புத்தகங்களிலும் வழக்குக் கோப்புகளிலும் நான் தேடிப் படித்ததையெல்லாம் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. பானட் சூடு, பெல்ட்டின் கடைசி முழம், ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புக்குள் உலோகத்தூள் மினுங்குகிறதா என்று பார்ப்பது, இவையெல்லாம் கையிலிருந்து கைக்கு வந்தவை. நம் சமூகத்தின் வரலாறு என்று ரப்பர் தோட்டத்தையும் ரயில் தண்டவாளத்தையும் எழுதியிருக்கிறோம். பட்டறைகளை அந்த அளவுக்கு எழுதவில்லை. அதனால்தான் எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

தம்பி இன்னும் எதுவும் வாங்கவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு விளம்பரத்தை அனுப்புவான். இரண்டு கதவு, குறைந்த கிலோமீட்டர், ஒரே ஓனர், டாக்டர். நான் திருப்பி அனுப்புவது எப்போதும் ஒரே செய்திதான்: "காலையில ஆறு மணிக்குப் போய்ப் பாக்கலாமான்னு கேளு."